சவம் புதைக்கும் வண்டும் சீலகாந்த் மீனும்

உயிர்களை ஆராய்ந்து, இனம் பிரித்து, பெயர் சூட்டி வைக்கும் ஏடு ஒன்று. எந்த உயிர் உலகில் நிலைத்திருக்கும், எந்த உயிர் நம் கண்முன்னேயே மறைந்துபோகும் என்று கணித்து வைக்கும் ஏடு மற்றொன்று. முன்னதை வகைப்பாட்டு நூல் என்றும், பின்னதைப் பாதுகாப்பு நிலைப் பட்டியல் என்றும் கூறலாம். இவ்விரண்டையும் பெரும்பாலும் தனித்தனியே படிப்பதே வழக்கம். இன்று நாம் இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வண்டையும் ஒரு மீனையும் அவற்றில் தேடிப் பார்ப்போம். வண்டு வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்வது. மீன், நம் இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில், கரிய பாறைக் குகைகளில் பகற்பொழுதைக் கழிப்பது. ஒன்றை மற்றொன்று கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. ஆயினும் மனிதன் வகுத்த உலகப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் வந்து நிற்கின்றன. அவை எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன, அவ்வாறு சேர்த்து வைத்தது தகுமா என்பதே நம் பேச்சின் பொருள்.

முதலில் வண்டைப் பார்ப்போம். நிக்ரோஃபோரஸ் அமெரிக்கானஸ் என்பது அதன் நூற்பெயர். முதற்சொல்லுக்குச் 'சவம் சுமப்போன்' என்பது பொருள். 1790-ஆம் ஆண்டில் ஒலிவியே என்னும் பிரெஞ்சுப் பூச்சியியலார் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த நீளம். பளபளக்கும் கரிய மேனி. சிறகுறைகளின்மேல் நான்கு செம்மஞ்சள் திட்டுகள். தலையை அடுத்த மார்புக் கவசத்திலும் அதே செம்மஞ்சள் நிறம். இப்பேரினத்தில் எழுபதளவு இனங்கள் உள்ளன. நம் நாட்டு இமயமலைப் பகுதியிலும் நிக்ரோஃபோரஸ் நேபாளென்சிஸ் என்னும் உறவினம் ஒன்று உண்டு. வட அமெரிக்க இனங்களுள் உருவிற் பெரியது நாம் கூறும் இவ்வண்டே.

இதன் இல்லறம் கேட்கத்தக்கது. கோடைக்காலத்து இரவில், எங்கோ ஓர் எலியோ பறவையோ இறந்து கிடக்கும். அதன் நாற்றத்தை இவ்வண்டு தன் உணர்கொம்புகளால் நெடுந்தொலைவிலிருந்தே அறிந்து பறந்து வருகிறது. பல வண்டுகள் வந்து சேர்ந்தால் போர் மூளும். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் பொருதும். இறுதியில் வென்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அப்பிணத்துக்கு உரிமை பெறுகின்றன. நிலம் கடினமாயிருப்பின், பிணத்தின் அடியில் மல்லாந்து படுத்துக் கால்களால் உந்தி, மென்மையான இடத்துக்கு அதனை நகர்த்திச் செல்லும். பின்னர் அடிமண்ணைப் பறித்துப் பறித்து, தம் எடையைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ள உடலைப் பொழுது விடிவதற்குள் மண்ணுக்குள் இறக்கிவிடும். அங்கே மயிரையும் இறகையும் களைந்து, ஊனை உருண்டையாக்கி, அது விரைவில் அழுகாதபடி தம் வாயிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் வரும் நீரைப் பூசிப் பதப்படுத்துகின்றன. உப்புக்கண்டம் போடும் கலையை மனிதன் கற்பதற்கு எத்தனையோ காலம் முன்னரே இச்சிற்றுயிர் தன் வழியில் அதனைச் செய்து வந்திருக்கிறது.

அருகே மண்ணில் இட்ட முட்டைகள் சில நாட்களில் பொரிந்து, புழுக்கள் ஊனுருண்டையை நாடி வருகின்றன. தாயும் தந்தையும் தாம் உண்டு செரித்ததைக் கக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. பூச்சியுலகில் முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும் தாயே மிகுதி. தந்தையும் உடனிருந்து பிள்ளை வளர்ப்பது அரிதினும் அரிது. புழுக்கள் மிகுந்து உணவு போதாதெனின், பெற்றோரே சிலவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு. இதனைக் கேட்டு நேயர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். எஞ்சிய புழுக்கள் கொழுத்து வளர்வதற்கு அக்கொடுமையே வழிசெய்கிறது. இவ்வண்டின் உடலில் சிறு உண்ணிகள் தொற்றிக்கொண்டு வருகின்றன. இவை வண்டைக் கடிப்பதில்லை. பிணத்தின்மேல் ஈக்கள் இட்ட முட்டைகளைத் தின்று, வண்டுக் குடும்பத்துக்குப் போட்டியில்லாமற் செய்கின்றன. சவாரிக்குக் கூலி என்று கொள்ளலாம்.

ஒரு செய்தியை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் வண்டு தன் சிறகுறையை வயிற்றின்மேல் உரசிக் 'கிறீச்' என்ற ஒலி எழுப்புகிறது. புழுக்களை உணவுக்கு அழைக்கும் குரல் அது என்பது ஆராய்ந்தோர் கருத்து. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அளவால் அடுக்கிக் கூறுமிடத்தில், நண்டையும் தும்பியையும் ஒருசேர நாலறிவுயிர்களாக வைக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி ஆகிய நான்கும் உண்டு. செவியறிவு இல்லை என்பது கருத்து. செவியறிவைப் பற்றிய முடிபு இக்காலத்தாருக்கு உடன்பாடன்று. ஆனால் நண்டையும் தும்பியையும் ஓரிடத்தில் வைத்தது வியப்பிற்குரியது. இன்றைய விலங்கியலும் அவ்விரண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியிலன்றோ வைக்கிறது!

இத்துணைத் திறமுள்ள வண்டு ஒரு காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 35 மாநிலங்களிலும், கனடாவின் மூன்று மாகாணங்களிலும் பரவியிருந்தது. 1920-ஆம் ஆண்டுகளிலேயே கிழக்குப் பகுதிகளில் அது மறையத் தொடங்கிற்று. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தபோது, இரண்டே இடங்களில்தான் அது வாழ்வதாகத் தெரிந்திருந்தது. ஒன்று, ரோட் ஐலண்டு மாநிலத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் பிளாக் தீவு. மற்றொன்று, அங்கிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளியுள்ள ஓக்லஹோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதி.

காரணம் யாது? பூச்சிகொல்லி மருந்தின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் டி.டி.டி. வயல்களுக்கு வருமுன்பே இவ்வண்டு குறையத் தொடங்கிவிட்டது. அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம் வேறு. இவ்வண்டு பிள்ளைகளை நன்கு வளர்ப்பதற்கு நூறு முதல் இருநூறு கிராம் வரை எடையுள்ள பிணம் வேண்டும். சுண்டெலி போதாது, முயல் மிகப் பெரிது. அவ்வளவான உடலை வாரி வழங்கிய பயணப்புறா, எண்ணற்ற கோடிகளாய் வானை மறைத்துப் பறந்த நிலைமாறி, 1914-ஆம் ஆண்டில் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் கடைசிப் பறவையும் இறக்க, அடியோடு இல்லாமற் போயிற்று. புல்வெளிக் கோழிகளும் அருகின. காடு துண்டுதுண்டாக வெட்டப்படவே, காட்டோரங்களில் பிழைக்கும் நரி, ரக்கூன், ஸ்கங்க் முதலிய விலங்குகள் பெருகி, கிடைத்த பிணத்தையும் வண்டுக்கு முன் கவர்ந்தன. பிளாக் தீவில் இவ்விலங்குகள் இல்லை. கொண்டுவந்து விடப்பட்ட ஃபெசன்ட் பறவைகளின் குஞ்சுகளோ நிறைய உண்டு. அங்கே வண்டு பிழைத்ததன் மருமம் இதுவாகலாம்.

இனி மீனுக்கு வருவோம். சீலகாந்த் என்ற பெயரைக் கேட்டவுடன் இலட்சுமிகாந்த், இரமாகாந்த் என்பது போல நம் நாட்டுப் பெயர் என்று எண்ண வேண்டா. உள்ளீடற்ற முள்ளுடையது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயர் அது. அப்பெயரை இட்டவர் லூயி அகாசி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பாறையில் பதிந்த எலும்புத் தடத்தைப் பார்த்தே அவர் பெயரிட்டார். உயிருடன் ஒன்று இருக்குமென்று அவரும் எண்ணவில்லை, அவருக்குப் பின் வந்த நூறாண்டுக் காலத்து அறிஞரும் எண்ணவில்லை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் இம்மீன் கூட்டம் தோன்றுகிறது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளோடு மறைகிறது. டைனோசார்களோடு சேர்த்து இதற்கும் கணக்கு முடித்துவிட்டனர்.

1938-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்னும் துறைமுகத்துக்கு ஓர் இழுவலைக் கப்பல் வந்து சேர்ந்தது. சாலும்னா ஆற்றின் கழிமுகத்துக்கு அப்பால் பிடித்த மீன்களைத் தளத்தில் கொட்டியிருந்தார்கள். அவ்வூர்க் காட்சிசாலையின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர் என்னும் இளநங்கை, அக்குவியலினூடே நீலநிறத் துடுப்பொன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஐந்தடி நீளம், ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை, கவசம் போன்ற கெட்டிச் செதில்கள், கை கால்களைப் போலச் சதைப்பற்றுள்ள தண்டின்மேல் அமைந்த துடுப்புகள். அந்நாற்றமெடுத்த பெருமீனை வாடகை மோட்டாரில் ஏற்றுவதற்கே அவர் ஓட்டுநரிடம் வாதாட வேண்டியிருந்தது. படம் வரைந்து கிரஹாம்ஸ்டவுனில் இருந்த ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். விடுமுறைக் காலம், கடிதம் போய்ச்சேரத் தாமதம். வெயிலில் மீன் அழுகத் தொடங்கிற்று. தோலை உரித்துப் பாடம் செய்தார்கள், உள்ளுறுப்புகள் எறியப்பட்டன. 1939 பிப்ரவரியில் ஸ்மித் நேரில் வந்து பார்த்து, ஐயமின்றி இது சீலகாந்தே என்று துணிந்து, லாட்டிமேரியா சாலும்னே என்று பெயரிட்டார். அந்நங்கையின் பெயரும் அவ்வாற்றின் பெயரும் சேர்ந்த பெயர் இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் வண்டு 1979-ஆம் ஆண்டில் ஓக்லஹோமாவில் அகப்பட்ட மாவட்டத்தின் பெயரும் லாட்டிமர் என்பதே. இரண்டு லாட்டிமருக்கும் தொடர்பு ஏதுமில்லை.

இரண்டாவது மீனுக்குப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்மித் நூறு பவுன் பரிசு அறிவித்து, மூன்று மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டுக் கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரப்பினார். 1952 டிசம்பரில் கொமோரோத் தீவுகளிலிருந்து செய்தி வந்தது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் மலான் தந்த இராணுவ டகோட்டா விமானத்தில் ஸ்மித் பறந்தார். அறிஞர் உலகம் அதிசயித்த அம்மீனைக் கொமோரோச் செம்படவர் முன்னரே நன்கறிவர்; 'கொம்பெஸ்ஸா' என்று அவர்கள் பெயரும் வைத்திருந்தனர். எண்ணெய்ச் சத்து மிகுந்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் அம்மீனை அவர்கள் விரும்பி உண்பதில்லை. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தானாக வந்து சிக்குவதே இதன் தலையெழுத்து.

1987-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஃப்ரிக்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் சிறு நீர்மூழ்கியில் இறங்கி, இம்மீன் தன் இருப்பிடத்தில் உயிருடன் நீந்துவதை முதன்முதல் படமெடுத்தார். பகலில், நூற்றைம்பது இருநூறு மீட்டர் ஆழத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக் குகைகளில் பல மீன்கள் ஒன்றாக ஒதுங்கியிருக்கின்றன. இரவில் வெளிப்பட்டு இன்னும் ஆழத்துக்கு இறங்கி, நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து இரை தேடுகின்றன. இத்துடுப்புகளைக் காலாகக் கொண்டு இம்மீன் கடலடியில் நடக்குமென்று எண்ணியவர்களுக்கு ஏமாற்றம்; அது நடப்பதில்லை. ஆயினும் நீந்தும்போது, குதிரை பெருநடையில் கால் மாற்றிப் போடுவதுபோல, வலப்பக்கத்து முன்துடுப்பும் இடப்பக்கத்துப் பின்துடுப்பும் சேர்ந்து அசைகின்றன.

இது முட்டையிடுவதன்று, குட்டி ஈனுவது. நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இருந்த ஒரு பெண்மீனை 1975-ஆம் ஆண்டில் அறுத்துப் பார்த்தபோது, அதன் வயிற்றில் ஐந்து குட்டிகள் இருந்தன. 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, செதிலிலுள்ள நுண்ணிய வளையங்களை எண்ணி, இம்மீன் நூறாண்டு அளவும் வாழக்கூடும் என்றும், பெண்மீன் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே கருவுறும் என்றும், கரு ஐந்தாண்டு வயிற்றில் இருக்கும் என்றும் கூறுகிறது. நம் வண்டோ ஒரு கோடையில் பிறந்து, குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, அடுத்த கோடையில் பிள்ளை வளர்த்து, ஓராண்டுக்குள் மடிந்துவிடும். வண்டின் ஐம்பது தலைமுறைக்குச் சீலகாந்தின் ஒரு தலைமுறை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பட்டியலைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

வகைப்பாட்டு ஏட்டில் இவ்விரண்டின் இடம் எது? 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் விலங்குகளனைத்தையும் ஆறு வகுப்புகளில் அடக்கினார். அவற்றுள் மீன்கள் ஒன்று, பூச்சிகள் ஒன்று. அவர் கணக்கில் வண்டுக்கும் மீனுக்கும் இருந்த தொலைவு இரண்டு அறைகளின் தொலைவே. இன்றைய கணக்கில் அவை இரண்டும் விலங்குகள் என்பதற்குக் கீழே விரைவில் பிரிந்துவிடுகின்றன. வண்டு, கணுக்காலிகள் தொகுதியில் பூச்சிகள் வகுப்பில் உறைச்சிறகிகள் வரிசையில் அமைகிறது. மீன், முதுகுநாணிகள் தொகுதியில் சதைத்துடுப்பிகள் என்னும் கிளையில் அமைகிறது.

அந்தந்தக் கிளையில் எத்தனை பேர் உடனிருக்கின்றனர் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. உறைச்சிறகிகள் வரிசையில் பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். உலகிலுள்ள மீன் இனங்கள் அனைத்தையும் கூட்டினாலும் நாற்பதாயிரத்தை எட்டமாட்டா. படைத்தவன் எத்தன்மையன் என்று கேட்டதற்கு, வண்டுகளின்மேல் அளவுகடந்த ஆசையுடையவன் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் விடையிறுத்ததாகச் சொல்வர். இங்கிலாந்தில் பிறந்த அப்பேரறிஞர் 1957-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் காலமானார். சீலகாந்தின் வரிசையிலோ இன்று வாழும் இனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நாம் இதுகாறும் கூறியது. மற்றொன்று, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 1997-ஆம் ஆண்டில் மனாடோ நகரத்துச் சந்தையில் தள்ளுவண்டியில் போவதாகக் கண்டறியப்பட்டு, 1999-ஆம் ஆண்டில் லாட்டிமேரியா மெனாடோயென்சிஸ் என்று பெயர் பெற்றது.

வண்டின் குடும்பப் பெயர் அண்மையில் ஆட்டங்கண்டிருக்கிறது. நெடுங்காலம் பிணவண்டுக் குடும்பம் என்று தனியே நின்றதை, மரபணு ஆராய்ச்சியின்மேல், குறுஞ்சிறகு வண்டுகளின் பெருங்குடும்பத்தில் ஒரு கிளையாகச் சேர்க்க வேண்டும் என்கின்றனர். இது பெயர்ப்பலகை மாற்றமேயாகும். சீலகாந்தின் செய்தி அப்படிப்பட்டதன்று. மீன் என்ற சொல்லையே அது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. 2013-ஆம் ஆண்டில் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. நிலத்தில் நடமாடும் நாற்காலிகளுக்கு மிக நெருங்கியது நுரையீரல் மீன் என்றும், அடுத்த உறவு சீலகாந்த் என்றும் அதனால் உறுதியாயிற்று. அதாவது, சீலகாந்துக்குக் கெண்டையும் வஞ்சிரமும் தூரத்து உறவு. தவளையும் கோழியும் நாமும் அவற்றினும் கிட்டிய உறவு. 'உயிருள்ள புதைபடிமம்' என்று நாளிதழ்கள் இதனைக் கொண்டாடுகின்றன. நமக்கு அத்தொடரில் உடன்பாடில்லை. பாறைகளில் கிடைக்கும் சீலகாந்துகள் வேறு பேரினங்கள். இன்றைய மீனின் மரபணுக்கள் மெல்ல மாறிவந்தனவேயன்றி, மாறாமல் நின்றுவிடவில்லை.

இனிப் பாதுகாப்பு ஏட்டைப் புரட்டுவோம். 1948-ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 1964-ஆம் ஆண்டு முதல் செம்பட்டியல் என்னும் ஏட்டைப் பேணி வருகிறது. அதில் உயிரினங்களுக்குப் படிகள் உண்டு. கவலைக்கிடமில்லாதவை முதற்படி, பின்னர் அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், கடைசியில் அற்றுப்போனவை. ஆப்பிரிக்கச் சீலகாந்தும் அமெரிக்கச் சவ வண்டும் 'மிக அருகிய இனம்' என்ற ஒரே படியில் நிற்கின்றன. இந்தோனேசியச் சீலகாந்த் இரண்டு படி தள்ளி, 'அழிவாய்ப்பு இனம்' என்று குறிக்கப்பட்டுள்ளது.

படிகள் எவ்வாறு முடிவாகின்றன? மனம்போன போக்கிலன்று, எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டே. அவற்றுள் ஓர் அளவுகோல், பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்துக்குள் இனத்தொகை எத்தனை விழுக்காடு குறைந்தது என்பது. நூற்றுக்கு எண்பது குறைந்திருந்தால், மிக அருகிய இனம் என்னும் படிக்கு அது போதும். இங்கேதான் நாம் நினைவில் வைத்துக்கொண்ட செய்தி வந்து உதவுகிறது. வண்டுக்கு மூன்று தலைமுறை மூன்றே ஆண்டு. ஆகவே பத்தாண்டே கணக்கு. முப்பத்தைந்து மாநிலங்களில் இருந்தது இரண்டில் ஒடுங்கிய பேரிழப்பு, அந்தப் பத்தாண்டுச் சாளரத்துக்கு வெளியே, பழங்கதையாகிவிடுகிறது. சீலகாந்துக்கோ மூன்று தலைமுறை என்பது நூற்றைம்பது ஆண்டுக்கு மேல். அறிஞர் அதனை முதன்முதல் கண்டதே 1938-ஆம் ஆண்டில். கண்ணாற் காணாத காலத்தில் எத்தனை மீன் இருந்தது என்று எவர் கணக்குச் சொல்வது? ஃப்ரிக்கேயும் தோழரும் கொமோரோக் குகைகளில் எண்ணியபோது, 1991-ஆம் ஆண்டில் கண்டதைவிட 1994-ஆம் ஆண்டில் மிகக் குறைவாகவே கண்டனர். கிடைத்த கணக்கு அந்த அளவே. ஆக, ஒரே படியில் நிற்கும் இரண்டில், ஒன்றின் வரலாறு அளவுகோலுக்கு மிக நீண்டது. மற்றொன்றின் வரலாறு மிகக் குறுகியது.

அமெரிக்க நாட்டுச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. அங்கே இரண்டே படிகள்: அழியும் நிலையிலுள்ளவை, அழிவு அச்சத்திலுள்ளவை. 1989-ஆம் ஆண்டுக்குப்பின் தேடத் தேட, நெபிராஸ்கா, தெற்கு டக்கோட்டா, ஆர்க்கன்சா, கான்சாஸ் மாநிலங்களிலும் வண்டு அகப்பட்டது. எனவே 2020 அக்டோபரில் அதனை முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு மாற்றினர். எண்ணெய்க் கிணறும் குழாய்ப் பாதையும் அமைப்போருக்கு இவ்வண்டு நெடுங்காலம் இடையூறாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. அம்மாற்றத்தை அறிவித்த அரசின் மதிப்பீடே, தெற்குச் சமவெளிகளில் வெப்பம் மிகுவதால், ஓக்லஹோமாவை உள்ளிட்ட தென்பகுதி வண்டுகள் வரும் பத்தாண்டுகளில் இல்லாமற் போகக்கூடும் என்றும் கூறிற்று. நோய் குறைந்தது என்று சீட்டு எழுதிக்கொடுத்து, அதன் பின்புறத்தில் நோயாளி பிழைப்பது ஐயம் என்றும் குறித்து வைப்பதற்கு இது ஒக்கும். அதே சட்டத்தின்கீழ், 2016-ஆம் ஆண்டில், தான்சானியக் கடற்கரையில் வாழும் சீலகாந்துகளும் அதே இரண்டாம் படியில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே உலகப் பட்டியலிலும் ஒரே படி, அமெரிக்கச் சட்டத்திலும் ஒரே படி.

ஒரே படியில் நிற்பதால் இரண்டும் ஒரே நிறையா? இல்லை என்பார் உளர். நான்கு இலட்சம் வண்டுகளில் ஒன்று போனால் மரத்தில் ஓர் இலை போனது. சீலகாந்த் போனால் நாற்பது கோடி ஆண்டு வளர்ந்த கிளையே முறிந்தது என்பது அவர் வாதம். இலண்டன் விலங்கியற் கழகத்தார் 2007-ஆம் ஆண்டு முதல், தனிமையையும் அழிவச்சத்தையும் சேர்த்து மதிப்பெண் இடும் முறையொன்றைக் கையாண்டு வருகின்றனர். வலிமையான வாதந்தான், மறுப்பது எளிதன்று. எனினும் நமக்கு அதில் ஒரு குறை தோன்றுகிறது. கிளையின் வயதை அளக்கும் கோல், உயிர் செய்யும் தொழிலை அளப்பதில்லை. ஆணும் பெண்ணும் கூடிப் பிணத்தைப் பதப்படுத்திப் பிள்ளைக்கு ஊட்டும் வாழ்க்கை, நான்கு இலட்சத்திலும் மிகச் சில வண்டுகளுக்கே உரியது. அவற்றுள்ளும் இவ்வளவு பெரிய உடலைப் புதைக்கும் ஆற்றல் வட அமெரிக்காவில் இது ஒன்றுக்கே உண்டு. இலைதானே என்று தள்ளுவோர் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தவரல்லர். மேலும், இரண்டில் ஒன்றையே காக்க இயலும் என்ற நெருக்கடி உண்மையில் இல்லை. இரண்டுக்கும் வேண்டும் பொருளும் முயற்சியும் வெவ்வேறு. ஒன்றுக்குச் செலவிடாததால் மற்றொன்றுக்கு மிச்சம் வருவதில்லை.

வண்டைக் கூண்டில் வளர்க்க இயல்கிறது. ராட் ஐலண்டு மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸ் நகரத்து ராஜர் வில்லியம்ஸ் விலங்குக் காட்சிசாலையில் வளர்த்த வண்டுகளை, 1994-ஆம் ஆண்டு முதல் நான்டக்கெட் தீவில் கொண்டுபோய் விட்டனர். மண்ணில் குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் செத்த காடையொன்றை வைத்து, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் உள்ளே இறக்கி மூடுவது முறை. செயிண்ட் லூயி நகரத்துக் காட்சிசாலையினர் 2012-ஆம் ஆண்டு முதல் மிசௌரிப் புல்வெளியில் அவ்வாறே செய்து வருகின்றனர். ஊட்டும் காடை நின்றபின்னும் வண்டு தானாக நிலைக்குமா என்பதுதான் கேள்வி. பயணப்புறாவின் இடத்தை ஆண்டுதோறும் மனிதன் கூடையில் சுமந்துவந்து நிரப்புவது நெடுநாள் நடக்கக்கூடியதன்று.

சீலகாந்தைப் பொறுத்தமட்டில் இத்தகைய முயற்சிக்கே இடமில்லை. குளிர்ந்த ஆழ்நீரிலிருந்து மேலே கொணர்ந்தால், சில மணி நேரத்துக்கு மேல் அது பிழைப்பது அரிது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவர் எவருமிலர். பன்னாட்டு வாணிப உடன்படிக்கை, தன் முதல் அட்டவணையில் இதனைச் சேர்த்து விற்பனையைத் தடுத்திருக்கிறது. ஆனால் முன்னரே கூறியபடி, இதனை விற்பதற்காகப் பிடிப்பவர் குறைவு. தான்சானியாவிலும் மடகாஸ்கரிலும் சுறாவுக்காக ஆழத்தில் கட்டும் செவுள்வலையே இதன் கூற்று. கரையோர மீன் குறையக் குறைய, செம்படவர் வலையை இன்னும் ஆழத்தில் இறக்குகின்றனர். வறுமையால் இறக்குகின்றனரேயன்றி, சீலகாந்தின்மேல் பகைகொண்டன்று. 2009-ஆம் ஆண்டில் தான்சானியா அரசு, டாங்கா நகரையடுத்த கடற்பகுதியை இம்மீனின் பெயராலேயே கடற்பூங்காவாக அறிவித்தது. அங்கு ஆழ்வலைகளைக் கட்டுப்படுத்துவது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அப்பூங்காவின் எல்லைக்குள் இன்று பிறக்கும் ஒரு சீலகாந்துக் குட்டி தானும் ஒரு குட்டியை ஈனுவதற்கு, அவ்வலைகள் இன்னும் அறுபது ஆண்டு அதன் வழியில் குறுக்கிடாதிருக்க வேண்டும்.